தட்டுப்போருக்கு என்ன தண்டனை?

அண்ணா,

இன்றைக்குக் காலையில் மேற்கே யாரோ கரும்பு வெட்டிய காட்டில் காய்ந்து கிடந்த சோகைக்கு நெருப்பு வைத்தார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் புகை வாடை சமையற்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கட்டுத்தரையில் மாடுகள் அசைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. தீனிக்கு அடுக்கிய சோளத்தட்டுப்போரும் தன்பாட்டுக்கு நிற்கிறது. "சோகை எரிக்கறாங்கம்மா, அதுக்கு எதுக்கு இந்த ஓட்டம்?" என்று சிரிக்கிறான் என் மகன். வருஷம் எத்தனை போனால் என்ன, புகை என்றால் எனக்கு நீங்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறீர்கள். செத்துப்போன மனுஷனை இதை வைத்தா நினைப்பது என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உயிரோடு இருந்து கேட்டிருந்தால் நீங்களே வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள்.

மகன் சென்னையில் வக்கீலுக்குப் படிப்பது உங்களுக்குத் தெரியும். லீவுக்கு வந்திருக்கிறான். நேற்றுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "குத்தம் பண்ணுனவனுக்கு எதுக்கும்மா தண்டனை குடுக்கறோம்? நீ என்ன நெனைக்கறே?" என்று கேட்டான். பரீட்சைக்கு வருகிற கேள்வியாம். பெரிய பெரிய ஆட்கள் ஆளுக்கொரு பதில் எழுதி வைத்திருக்கிறார்களாம். செய்ததற்குப் பட்டே தீரவேண்டும் என்கிறார் ஒருவர். இவன் படுவதைப் பார்த்து அடுத்தவன் பயப்படத்தான் என்கிறார் இன்னொருவர். அதெல்லாம் இல்லை, ஆளைத் திருத்தத்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவன் வாசிக்க வாசிக்க, ஜவுளிக்கடையில் துண்டைப் போட்டுப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் உங்கள் தோளில் போட்டுப் பார்த்தேன். எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. முழுசாகத் தப்பு என்றும் எதையும் தள்ள முடியவில்லை. அதனால்தான் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களோடு பேசி முடிக்காத பேச்சு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அப்போது என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு பண்ணையத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் நீங்கள், கிணறு உங்களுக்கும் எங்களுக்கும் பொது. இன்றைக்கு உங்கள் மாடு கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்தால் நாளைக்கு என் மாடு. உங்கள் முறைத் தண்ணீர் என் காட்டை ஒட்டிய வாய்க்காலில் ஓடித்தான் உங்கள் மிளகாய்க்குப் போகவேண்டும். அந்த வருஷம் பாதித் தண்ணீர்கூட வந்து சேரவில்லை என்று ஆரம்பித்தீர்கள். நான்தான் இடையில் மடை திறந்து பாய்ச்சிக்கொள்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். கிணற்றுமேட்டில் பத்துப் பேர் பார்க்க, "புருசன் போனதும் களவு படிச்சுக்கிட்டா" என்று சொன்னீர்களே, அந்த வார்த்தை எனக்கு இன்னும் சுடுகிறது அண்ணா. நானும் சும்மா இருக்கவில்லை. உங்கள் வாயில் புழு விழும் என்று கத்திவிட்டுத்தான் வந்தேன்.

மாரியம்மன் நோம்பி அன்றைக்கு ஊரே கோயிலில் இருந்தது. நல்ல உச்சி வெயில். மாவிளக்கோடு நின்றுகொண்டிருந்தேன். தெற்கே புகை எழும்பியது. சோளம் அறுத்து, தட்டைக் காயப்போட்டு, கட்டுக்கட்டாக அடுக்கிய என் போர் அது. மழை வருகிற வரைக்கும் மாடுகளுக்கு அதுதான் சோறு. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பக்கத்தில் நெருங்க முடியாத அளவுக்குக் கனன்றுகொண்டிருந்தது. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கதறின. எங்களுக்கு முன்னாலேயே நீங்கள் அங்கே நின்று மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாரும் "நல்ல மனுசன், எப்படிப் பாடுபடறார் பாரு" என்றார்கள். எனக்கு அப்போதுதான் சந்தேகமே வந்தது. கோயிலில் உங்களை நான் பார்க்கவே இல்லையே, எல்லாருக்கும் முன்னால் எப்படி வந்தீர்கள்?

போலீசில் சொன்னேன், கேஸ் ஆயிற்று, சீக்கிரமே விசாரணைக்கும் வந்தது. திருச்செங்கோட்டுக் கோர்ட்டில் நீங்கள் கூண்டில் நின்று, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றீர்கள். கண்ணால் பார்த்த சாட்சி யாரும் இல்லை. விடுதலை. வெளியே வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். கோர்ட் வாசல் என்றுகூடப் பார்க்காமல், "இதையே சத்தியப்படியில நின்னு சொல்லுங்க பாக்கலாம்!" என்று கத்தினேன்.

மலைக்கோயிலுக்கு ஏறுகிற வழியில் இருக்கிற அந்தச் சத்தியப்படியை, அறுபதாம் படியைப் பற்றி என் மகன் சென்னையில் சொன்னால் கூடப்படிக்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். நம் பக்கத்தில் சிரிக்க யாருக்கும் தைரியம் வராது. அங்கே கற்பூரம் ஏற்றிப் பொய் சொன்னவன் வீடு விளங்காது என்பது நமக்கெல்லாம் பாலோடு புகட்டிய சமாச்சாரம். எல்லாரும் கேட்க நான் கூப்பிட்டதை நீங்கள் மறுக்க முடியவில்லை; அடுத்த அமாவாசைக்கு ஊரில் பாதிப்பேர் நம் பின்னால் மலை ஏறினார்கள். நீங்கள் கற்பூரத்தை ஏற்றினீர்கள். வாயைத் திறந்தீர்கள். மறுபடி மூடிக்கொண்டீர்கள். 'சொல்லு, சொல்லித் தொலை' என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கற்பூரம் கரைந்து அணையப்போகிற நேரத்தில் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நாந்தான் அம்மிணி வெச்சேன்."

உங்கள் மனைவி, அண்ணி முறையில் என் வாய்க்கு எப்போதும் நங்கை, அந்தப் படியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

உண்மை வந்துவிட்டது, இனி கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அதுதான் இல்லை. விடுதலையான கேஸ் விடுதலையானதுதான், மறுபடி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உண்மை தெரியாதபோது திறந்திருந்த கதவு தெரிந்தபிறகு சாத்திக்கொள்கிறதே என்று வக்கீல் குமாஸ்தாவிடம் சண்டைக்கே போனேன். நேற்று மகன் அதற்கு விளக்கம் சொன்னான். ஒரே குற்றத்துக்கு ஒருவனை மறுபடி மறுபடி இழுக்கலாம் என்று வைத்தால், சர்க்கார் தனக்குப் பிடிக்காதவனைச் சாகும் வரைக்கும் இழுத்துக்கொண்டே இருக்குமாம். அதுவும் நியாயம்தான். அன்றைக்கு யாராவது இப்படிப் புரியும்படி சொல்லியிருந்தால் அந்தக் குமாஸ்தா என் வாயில் விழாமல் தப்பித்திருப்பார்.

கோர்ட் கைவிட்டதால் ஊர்க்கூட்டம் கூடியது. கூட்டத்தை நடத்துகிற கொத்துக்காரர், உங்களை ஒதுக்கிவைப்பது என்றார். உங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது, நெருப்புக் கொடுக்கக் கூடாது, துணி வெளுக்கவும் முடி வெட்டவும் ஆள் போகக் கூடாது. ஒரு இளவட்டம் எழுந்து, அதெல்லாம் எதற்கு, அவர் போருக்கும் நெருப்பு வைத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்றான். பாதிக் கூட்டம் ஆமாம் போட்டது. அப்போது கொத்துக்காரர் என்னைப் பார்த்து, "நட்டம் உன்னுது. நீ என்ன சொல்றே அம்மிணி?" என்றார்.

என்ன சொல்வது? அதுவரைக்கும் நீங்கள் நாசமாகப் போகவேண்டும் என்பதைத் தவிர என் மனசில் வேறு எதுவும் இல்லை. உங்கள் வீடு எரிவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஆசை ஆசையாய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் போருக்கு நெருப்பு வைக்கிறேன் என்று அந்தப் பையன் சொன்னதும் என்னையறியாமல், "அவரு மாடு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் ஒதுக்கிவைக்கிற பேச்சையும் யோசித்தேன். இவரை மூலையில் உட்காரவைத்துவிட்டால் என் மாட்டுக்கு யார் தீனி போடுவது? சொன்னேன்: "இவரை ஒதுக்க வேண்டாம். மழை பேயற வரைக்கும் எம்மாட்டுக்கு இவரே தீனி தேடிக் கொண்டாரட்டும். இவரு மாட்டுக்கு வெச்ச போர்ல இருந்து ஒரு தட்டு உருவக் கூடாது. இவரு கையால கொண்டாந்து, இவரு கையால போடட்டும்." கூட்டத்தில் சிரித்தார்கள். இது தண்டனையா, பண்ணையத்துக்கு ஆள் வைப்பதா என்று ஒருவர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எனக்கு வேண்டியது அதுதான் என்று மட்டும் தெரிந்தது.

அந்தக் கோடை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரட்டுக் குன்றோரம் கொழுக்கட்டைப் புல்லைச் சுரண்டிக்கொண்டு வருவீர்கள். வெள்ளவேல மரத்துக் காயை உலுக்கிக்கொண்டு வருவீர்கள். ஒன்றும் கிடைக்காத நாளில் பனையோலையைக் கிழித்துப் போடுவீர்கள். முதலில் நான் உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் வருகிற நேரத்துக்கு உள்ளே போய்விடுவேன், ஆனால் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். மாடு முகம் திருப்பினால் அதற்குக் காயை வாயில் ஊட்டுவீர்கள். அப்படியிருந்தும் சினையாக இருந்த செவலைப் பசு எலும்பும் தோலுமாகிப் படுத்தது, எழவில்லை. குழியை நீங்களே வெட்டினீர்கள். மண்ணைத் தள்ளிவிட்டு, கழற்றிய கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதீர்கள். நீங்கள் அழுவதைப் பார்த்தால் என் வயிறு குளிரும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். குளிரவில்லை அண்ணா. எனக்குச் செவலைக்காக அழுகை வந்தது, பக்கத்தில் அழ நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.

அன்றிலிருந்துதான் நாம் பேச ஆரம்பித்தோம். நான் விடாமல் கேள்வி கேட்பேன், நீங்கள் தழையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே பதில் சொல்வீர்கள். "கோர்ட்டுல அத்தனை துணிச்சலா பொய் சொன்னீங்களே, படியில எதுக்குப் பயந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கோர்ட்டுல பொய் சொன்னா என்னைப் புடிச்சு உள்ள போடுவாங்க. படியில பொய் சொன்னா எம்புள்ளைகளுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே அம்மிணி."

"தப்புப் பண்ணுனது நீங்க. சாமி எதுக்குப் புள்ளைகளை அடிக்கோணும்?"

"அது எனக்கும் வெளங்குலீங்க" என்று தலையைச் சொறிந்தீர்கள். சாமி காரியத்தைப் பேசும்போது மட்டும் உங்களுக்கு என்னிடம்கூட 'ங்க' வந்துவிடும். நான் சிரித்துவிட்டேன். போர் எரிந்தபிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

பிறகு அந்த எலி வளை. உங்கள் முறை நாளில் நங்கை கவலை ஓட்ட, நீங்கள் தழைக்கட்டோடு என் பக்கத்து வரப்பில் வந்துகொண்டிருந்தீர்கள். அந்த வரப்பில் அதற்குமுன் நீங்கள் கால் வைத்ததில்லை. உங்கள் பக்கமிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் தண்ணீர் குபுகுபுவென்று இறங்குகிற சத்தம் கேட்டிருக்கிறது. கட்டைக் கீழே போட்டுவிட்டு மண்ணைத் தோண்டியிருக்கிறீர்கள். என் வாசலுக்கு வந்தபோது முழங்கை வரைக்கும் சேறு.

"எலி வளை அம்மிணி. வாய்க்கால்ல இருந்து உங்காட்டு அடியில போகுது. தண்ணிய நீ திருடல."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்கள். அப்போது நீங்கள் சொன்னதுதான் என்னை இன்றைக்கும் தூங்கவிடாமல் யோசிக்கவைக்கிறது. "நான் குத்தம் பண்ணறேன்னு நெனச்சு நெருப்பு வெக்கல. உனக்குத் தண்டனை குடுக்கறேன்னு நெனச்சுத்தான் வெச்சேன்."

அடக் கடவுளே! நீங்கள் குற்றவாளி, நான் நியாயம் கேட்கிறவள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீங்களும் உங்கள் மனசுக்குள் ஒரு கோர்ட் நடத்தி, தீர்ப்புச் சொல்லி, நிறைவேற்றியும் முடித்திருக்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை விசாரிக்காமல்! எனக்குக் கோபமும் வந்தது, தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஆசையும் வந்தது. ஆசைதான் ஜெயித்தது. "செரி, நெசமாவே நான் திருடியிருந்தேன்னு வெச்சுக்குங்க. அப்ப நீங்க நெருப்பு வெச்சது நியாயமா?" என்று கேட்டேன்.

"ரோசனை பண்ணிச் சொல்றேன்" என்று எழுந்து போனீர்கள். அப்புறம் நாலைந்து நாள் நான் கேட்பதும் நீங்கள் தலையை ஆட்டுவதுமாகப் போயிற்று. ஒருநாள் பொழுதோடு நீங்களாக வந்து நின்றீர்கள். "இல்ல அம்மிணி. அப்பவும் நியாயமில்ல. திருடுனது நீயாவே இருந்தாலும் பட்டினி கெடந்தது மாடு. நீ அன்னிக்குக் கூட்டத்துல கேட்டீல்ல, அவரு மாடு என்ன பாவம் பண்ணுச்சுன்னு. அதையே நானும் நெருப்பு வெக்கறதுக்கு முந்திக் கேட்டிருக்கோணும்." நான் வாய்தவறிச் சொன்னதை நீங்கள் இத்தனை நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்கு மதிப்பு வந்தது அந்தப் பொழுதில்தான்.

இதையெல்லாம் நேற்று மகனிடம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா அந்த எடத்துல நீ இல்லாம வேற ஒருத்தி இருந்து, கையை வெட்டுங்கன்னு கேட்டிருந்தா?" என்றான். உங்கள் வீடு எரிவதை ஆசையாய்ப் பார்த்தவள்தானே நானும்? அந்தப் பையன் முந்திக்கொண்டு உளறாமல் இருந்திருந்தால் என் வாயில் என்ன வந்திருக்குமோ! பட்டவளின் கோபத்தை நம்பித் தராசைக் கொடுக்க முடியாது, அதனால்தான் சட்டம் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது என்றான். சரிதான். ஆனால் அப்படி எடுத்துக்கொண்டு போகும்போது என் மாட்டை மறந்துவிட்டுப் போகிறதே என்றேன். அதை அவன் புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டான். நாங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஆவணியில் மழை பெய்தது. மேய்ச்சலுக்குப் புல் வந்துவிட்டது. "இனி கொண்டார வேண்டாம்ணா, முடிஞ்சுது" என்று கட்டுத்தரையில் வைத்துச் சொன்னேன். நீங்கள் சரியென்று போனீர்கள். ஆனால் ஒன்றும் முடியவில்லை. கல்யாண வீட்டில் உங்கள் பக்கத்துப் பந்தி இடம் காலியாகவே கிடந்தது. நங்கை நெருப்புக் கேட்டுப் போனால், அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை என்று சொன்னார்கள். கூட்டம் ஒதுக்கச் சொல்லாததை ஊர் தானாகவே செய்துகொண்டிருந்தது. ஒருநாள் வந்து நின்று மெதுவாகக் கேட்டீர்கள்: "தண்டனைய ஊருக்கு முன்னால குடுத்தே. முடிஞ்சுதுன்னு கட்டுத்தரையில சொன்னா மாட்டுக்குத்தான் அம்மிணி கேக்கும்."

முதலில் எனக்குச் சுருக்கென்றது. இன்னும் என்ன வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று தோன்றியது. ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டால் அப்புறம் எனக்குக் கோபப்பட உரிமை இல்லை. செவலையை நினைத்து அழும்போது திட்டக்கூட ஆள் இல்லாமல் போகும். அந்தக் கோபத்தை விட எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. பிறகு, பண்டிகை நாளில்கூட நங்கை கோயில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனதைப் பார்த்தேன். நெருப்பு வைத்தது அவரா? மாட்டுக்குக் கேட்ட நியாயத்தை நங்கைக்கு நான் கேட்க வேண்டாமா?

கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன். கொத்துக்காரர் முன்னால், உங்கள் வீட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, நின்றபடியே அண்ணாந்து குடித்தேன். நங்கை சொம்பை விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார், பாதி என் புடவையில்தான் கொட்டியது. "இவருக்கும் எனக்கும் இருந்தது முடிஞ்சுது. இனி எவனாச்சும் இதைப் பேசுனா, அவனுக்கும் எனக்கும்தான் வழக்கு" என்றேன். நீங்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் நமக்குள் எத்தனை வருஷம்! என் மகன் சென்னைக்கு ரயிலேறும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நீங்கள்.

போன மாசம் உங்களை எடுத்தபோது வாசலில் கூட்டம் நின்றது. நான் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தேன். வெளியூர் ஆள் ஒருவர், "ஆருங்க இவரு?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நம் ஊர்ப் பையன், போர் எரிந்தபோது பிறந்துகூட இருக்காதவன், "ஒரு தட்டுப்போருக்கு நெருப்பு வெச்சாருங்களே, அவருதானுங்க" என்றான். அழுகை அப்படியே நின்றுவிட்டது எனக்கு. சாவு வீடு என்றும் பார்க்காமல், "டேய், எம்போருடா அது! அது முடிஞ்சுது!" என்று கத்தினேன். அவன் நடுங்கிப்போய்விட்டான். பாவம், அவனுக்கு யாரோ சொன்னதைச் சொன்னான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வெசனம். தண்டனையைச் சொல்வதற்கு ஜட்ஜு இருக்கிறார், கூட்டம் இருக்கிறது. முடிந்துவிட்டது என்பதைச் சொல்ல உங்களுக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். நானும் போய்விட்டால்? நேற்று மகனிடம் கேட்டேன், ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவனுக்கு இதைச் சொல்வது யார் என்று. வெகுநேரம் பக்கத்தைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு ஆளைப் பற்றி இதில் எதுவும் இல்லை என்றான். "அப்ப நீ சொல்லு சாமி. எனக்குப் பொறவு இந்த ஊர்ல எவனாச்சும் அண்ணனைப் பத்தி வாயத் தொறந்தா, அது முடிஞ்சுதுன்னு நீ எந்திரிச்சுச் சொல்லோணும்" என்றேன்.

அந்தக் கோடையில் மாடு வற்றிப் பால் இல்லாமல், சோற்றுத் தண்ணீரைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதவன் அவன். புத்தகத்தை மூடி வைத்தான்.

"சொல்றேம்மா" என்றான்.